இழுத்துப் பிடித்த வில் ஏன் ஆடுகிறது? புதிதாக வில் எடுப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நாணைத் தாடைவரை இழுத்தாயிற்று. வில்லில் மாட்டிய குறிபார்க்கும் கருவியான சைட்டின் வளையத்துக்குள் இலக்கின் மஞ்சள் தெரிகிறது. விட வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து வளையம் சிவப்புக்குப் போகிறது, நீலத்தைத் தொட்டுவிட்டு வருகிறது, மறுபடியும் சிவப்பு. பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தப் பார்த்தால் கை இன்னும் மோசமாக நடுங்குகிறது. கடைசியில் மஞ்சள் கண்ணில் பட்ட நொடியில் அவசர அவசரமாக விடுகிறோம். அம்பு எங்கேயோ கீழே இடப்பக்கம் போய்க் குத்துகிறது.

வில் எடுத்த முதல் வருஷம் முழுக்க என் கதை இதுதான். நடுங்குவது கை, ஆகவே கையைத்தான் பலப்படுத்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டு டம்பெல் தூக்கினேன், வில்லை இறுக்கிப் பிடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. நடுக்கம் தெரிகிற இடம் கைதான். பிறக்கிற இடம் பெரும்பாலும் வேறு. வில்லின் பவுண்டில், மேலே ஏறிக்கொண்ட தோளில், வேலையே செய்யாமல் சும்மா இருக்கும் முதுகில். அந்த இடங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் போவதுதான் இந்தக் கட்டுரை.

நான் சொல்வது பெரும்பாலும் ரீகர்வ் வில்லுக்கு (நுனிகள் இலக்கின் பக்கம் வளைந்த, சக்கரம் இல்லாத வில்). வலக்கைக்காரர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அதாவது இடது கை வில்லைப் பிடிக்கிறது, வலது கை நாணை இழுக்கிறது. இடக்கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் பவுண்டைப் பாருங்கள்

உங்கள் வில்லின் லிம்பில் (பிடிக்கு மேலும் கீழும் உள்ள வளையும் பகுதி) ஓர் எண் எழுதியிருக்கும். 28 அங்குலம் இழுத்தால் வில் எத்தனை பவுண்டு விசையோடு எதிர்க்கும் என்பதற்கான அளவு அது. எல்லோரும் 28 அங்குலம் இழுப்பதில்லை. ஓர் அங்குலம் கூடினால் ஏறத்தாழ 2 பவுண்டு கூடும், குறைந்தால் அதே அளவு குறையும். லிம்பில் 30 என்று போட்டிருந்தாலும், 26 அங்குலம் இழுப்பவர் கையில் இருப்பது சுமார் 26 பவுண்டுதான். நீளமான கைக்காரர் 30 அங்குலம் இழுத்தால் அவருக்கு 34. ஒரே வில்லை இரண்டு பேர் மாற்றி மாற்றி எடுத்து, ஒருவர் மட்டும் நடுங்குவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். கொக்கி மாட்டி இழுத்துப் பார்க்கும் தராசு பயிற்சிக் கூடத்தில் இருந்தால், உங்கள் உண்மையான இழுநீளத்தில் எத்தனை வருகிறது என்று ஒருமுறை அளந்து குறித்து வையுங்கள்.

அப்புறம் ஒரு சோதனை. அம்பைப் பூட்டி, இலக்குப் பலகைக்கு நேராக நின்று, முழுதாக இழுத்து, நாணைத் தாடையில் வைத்து, 15 விநாடி பிடியுங்கள். விட வேண்டாம்; மெதுவாக நாணைத் திருப்பிக் கொண்டுபோங்கள். 5 விநாடிக்குள் கை ஆடத் தொடங்கினால், அல்லது இழுக்கும்போதே தோள் காதுப் பக்கம் ஏறினால், அந்த வில் உங்களுக்குக் கனம். அந்த வில்லை வைத்துக்கொண்டு இந்தக் கட்டுரையின் மீதியைப் படித்துப் பயன் இல்லை.

புதிதாகத் தொடங்கும் பெரியவர்களுக்கு 18 முதல் 24 பவுண்டு, சிறுவர்களுக்கு 10 முதல் 16. இதைச் சொன்னால் பலருக்கு முகம் சுருங்கும். எனக்கும் சுருங்கியது. "இவ்வளவு வளர்ந்த ஆளுக்கு 20 பவுண்டா?" என்று 34 பவுண்டு வில்லை எடுத்தேன். எய்தவன் நான் இருக்க அம்பை நொந்துகொண்டு இரண்டு முறை அம்பு மாற்றினேன். பிறகு ஒரு நாள் வேறொருவரின் 22 பவுண்டு வில்லை வாங்கி எய்து பார்த்தபோது, இரண்டு மாதமாகச் சிதறிக் கிடந்த என் அம்புகள் ஒரு சாண் அகலத்துக்குள் போய் நின்றன. அன்று மாலையே லிம்பை மாற்றினேன்.

காம்பவுண்ட் வில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வில்லில் உருளும் சக்கரங்கள் (கேம்கள்) கடைசிக் கட்டத்தில் சுமையை வாங்கிக்கொள்கின்றன. 50 பவுண்டு வில்லில் 80 சதவீதம் தளர்வு என்றால், குறி பார்க்கும்போது கையில் நிற்பது 10 பவுண்டுதான். ரீகர்வில் அந்தச் சலுகை இல்லை. இழுக்க இழுக்கக் கனம் ஏறும். அது உச்சத்துக்குப் போகும் இடமும் நீங்கள் அசையாமல் நிற்க வேண்டிய இடமும் ஒன்றே. காம்பவுண்டுக்காரர் பத்து விநாடி நிதானமாகக் குறி பார்ப்பதைப் பார்த்து, நீங்கள் ரீகர்வில் அதைச் செய்ய முயல வேண்டாம்.

பாதுகாப்புக்காக ஒரே பத்தி, ஆனால் தாண்டிப் போகாதீர்கள். அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடவே கூடாது. அம்புக்குப் போக வேண்டிய விசை முழுதும் லிம்புக்குள்ளேயே திரும்பி அதை உடைக்கக்கூடும். இழுக்கும் ஒவ்வொரு முறையும், விடுவதாக இல்லை என்றாலும், வில் பலகையைப் பார்த்தே இருக்கட்டும். முன்னால் யாராவது நின்றால் வில்லைத் தூக்கவே வேண்டாம்.

கால் முதல் இடுப்பு வரை

இது சுலபம். எய்யும் கோட்டின் இருபுறமும் ஒவ்வொரு கால், தோள் அகல இடைவெளி. தொடக்கத்தில் இரு பாதமும் கோட்டுக்கு இணையாக இருந்தால் போதும். இடது பாதத்தைக் கொஞ்சம் திறந்து வைப்பதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எடை குதிகாலில் இருக்கக் கூடாது, பாதத்தின் முன்பக்கம் சற்று அதிகமாக இறங்கட்டும். முழங்கால் நேராக, ஆனால் பூட்டிக்கொள்ளாமல்.

இடுப்புதான் பலர் கோட்டை விடும் இடம். வில்லைத் தூக்கும்போது வயிறு முன்னால் தள்ளி, இடுப்பு வளைந்து, உடல் வில்லுக்கு எதிர்ப்புறம் சாய்கிறது. கனமான பையை ஒரு கையில் தூக்கினால் மறுபக்கம் சாய்வோமே, அதே மாதிரி. வயிற்றை லேசாக உள்ளிழுத்து இறுக்கி, விலா எலும்புகளைக் கீழே இறக்கி வையுங்கள். யாரையாவது விட்டுப் பக்கத்திலிருந்து தோளை மெல்லத் தள்ளச் சொல்லுங்கள் (வில் கையில் இல்லாதபோது). உடனே கால் நகர்ந்தால், உங்கள் மேலுடம்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் சைட் பக்கவாட்டில் ஊசலாடும்.

உடும்புப் பிடி வேண்டாம்

வில்லை யாரும் பிடிப்பதில்லை என்று சொன்னால் வேடிக்கையாக இருக்கும். ஆனால் உண்மை அதுதான். நாணை இழுக்கும்போது வில் தானாகவே உங்கள் உள்ளங்கைக்குள் வந்து அழுந்துகிறது. அது விழாது. நீங்கள் விரல்களால் இறுக்கினால், முன்கைத் தசைகள் எல்லாம் விறைத்து, அந்த விறைப்பு நேராக வில்லுக்கு நடுக்கமாகப் போகிறது.

இடது உள்ளங்கையைப் பாருங்கள். கட்டைவிரலின் அடியில் தடித்த சதை, அதைச் சுற்றி ஆயுள் ரேகை. வில்லின் பிடி அந்தச் சதைமேல் உட்கார வேண்டும். ரேகையைத் தாண்டிச் சுண்டுவிரல் பக்கம் போகக் கூடாது. அப்படி வைத்தால் விரல் முட்டிகள் தரையிலிருந்து ஏறத்தாழ 45 பாகை சாய்ந்து நிற்கும். மற்ற விரல்கள் தூங்குகிறவர் விரல்போலத் தொங்கட்டும். "விட்டவுடன் வில் கீழே விழுந்துவிடுமே" என்ற பயம் நியாயமானது. அதற்குத்தான் விரலில் கோக்கும் ஸ்லிங் கயிறு. ஒரு பழைய ஷூ கயிற்றிலேயே செய்துகொள்ளலாம். பயம் போனால்தான் விரல் தளரும். ஆகவே கயிறு இல்லாமல் பழகத் தொடங்காதீர்கள்.

அப்புறம் முழங்கை. கையை நீட்டியதும் பலருக்கு முழங்கையின் உள்பக்கக் குழி மேலே வானத்தைப் பார்க்கும். அது பக்கவாட்டில் பார்க்க வேண்டும். கதவு நிலையில் உள்ளங்கையை ஊன்றி, உள்ளங்கையையும் தோளையும் அசைக்காமல் முழங்கையை மட்டும் திருப்பிப் பழகுங்கள். முதல் நாள் சுத்தமாக வராது. ஒரு வாரத்தில் வரும். கையில் நாண் அடித்து நீலம் பாய்வதும் இதோடு பெரும்பாலும் நிற்கும்.

கொக்கி

வலது கையில் சுட்டுவிரல் அம்புக்கு மேலே, நடுவிரலும் மோதிரவிரலும் கீழே. நாண் விரல் நுனியில் இல்லை, முதல் மூட்டின் மடிப்பில். நுனியில் பிடித்தால் மென்மையாக விடலாம் என்று தோன்றும். ஆனால் நாண் வழுக்காமல் இருக்கவே விரல்கள் போராடிக்கொண்டிருக்கும், அந்தப் போராட்டம் முன்கை முழுக்க ஏறும். ஆழமாக மாட்டிய விரல்கள் கொக்கிபோலச் சும்மா தொங்கும். புறங்கை தட்டையாக, மணிக்கட்டு நேராக. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் மறந்துவிடலாம்.

தோளை எப்போது இறக்குவது

இனிதான் முக்கியமான இடம். நடுங்கும் பத்துப் பேரைப் பின்னால் நின்று பார்த்தால், பெரும்பாலோரின் இடது தோள் மேலே ஏறிக் கழுத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். வில்லின் சுமை கை வழியாக வந்து தோள் மூட்டை உடலை நோக்கித் தள்ளுகிறது. தோள் இறங்கியிருந்தால் சுமை எலும்பு வழியாகவே முதுகுக்கும் விலாவுக்கும் போய்விடும். ஏறியிருந்தால், கழுத்தின் பக்கத் தசையும் தோளின் மேல்தசையும் தனியாக மல்லுக்கட்ட வேண்டும். அவை சீக்கிரம் களைக்கும். களைத்த தசை நடுங்கும்.

வில் இல்லாமலே உணர்ந்து பார்க்கலாம். சுவருக்குப் பக்கவாட்டில் நின்று, இடது கையை நீட்டி, உள்ளங்கையால் சுவரை அழுத்துங்கள். இப்போது வேண்டுமென்றே தோளைக் காதை நோக்கித் தூக்குங்கள். அழுத்தம் கழுத்துக்கு ஏறுவது தெரிகிறதா? சரி, இனி தோளைக் கீழே இறக்குங்கள். கழுத்து நீளமாவதுபோல இருக்கும். அதே அழுத்தம் இப்போது அக்குளுக்குப் பின்னால், விலாவைச் சுற்றி உட்காரும். அந்த இடம்தான் வேண்டும். தினமும் பல் துலக்கும் நேரத்தில்கூடச் சுவரைத் தள்ளிப் பாருங்கள். யாரும் பார்த்தால் பார்க்கட்டும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு, எனக்குத் தெரிய வெகுநாள் ஆயிற்று. முழுதாக இழுத்த பிறகு தோளை இறக்க முடியாது. சுமை ஏறிவிட்டால் அது ஏறிய இடத்திலேயே பூட்டிக்கொள்ளும். வில்லைத் தூக்குவதற்கு முன்பே, நாணில் விரல் மாட்டி லேசாக இழுத்த நிலையிலேயே, இரண்டு தோளும் கீழே இறங்கியிருக்க வேண்டும். பிறகு தோளை விட்டுவிட்டுக் கைகளை மட்டும் தூக்க வேண்டும். வில்லைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இறக்கி இழுப்பது பார்க்க வீரமாக இருக்கும். அந்தப் பயணத்திலேயே தோள் ஏறிவிடும். சைட் இலக்கின் மேல்விளிம்புக்குச் சற்று மேலே போகும் அளவுக்குத் தூக்கினால் போதும். இழுத்து முடிக்கும்போது தோள் ஏறியிருப்பது தெரிந்தால் திரும்பக் கொண்டுபோங்கள். முதலிலிருந்து தொடங்குங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

கையிலிருந்து முதுகுக்கு

தண்ணீர் நிறைந்த வாளியை நீட்டிய கையில் பிடித்து நில்லுங்கள். ஒரு நிமிஷம்கூடத் தாங்காது. அதே வாளியைத் தலையில் வைத்தால் நடந்தே போய்விடலாம். கனம் மாறவில்லை, தாங்குவது யார் என்பதுதான் மாறியது. முழுதாக இழுத்த வில்லிலும் அதுவே.

நாணை இழுக்கும்போது முதலில் கைதான் வேலை செய்யும். நாண் தாடையை அடைந்ததும் பெரும்பாலோர் "வந்துவிட்டோம்" என்று நின்றுவிடுகிறார்கள். அப்போது சுமை மேற்கையிலும் முன்கையிலும் தங்கியிருக்கிறது. இன்னும் ஒரு சின்ன அசைவு பாக்கி: வலது முழங்கை, பின்னாலும் உங்கள் முதுகைச் சுற்றியும் ஓர் அங்குலம் நகர வேண்டும். அதை நகர்த்துவது கை இல்லை. முதுகில் சிறகு போலத் துருத்திக்கொண்டிருக்கும் தோள்பட்டை எலும்பு முதுகுத்தண்டை நோக்கிச் சறுக்கும், முழங்கை அதோடு போகும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஏதோ லேசாக அசைந்தது போலத்தான் இருக்கும். உள்ளே சுமை கையிலிருந்து கழன்று முதுகில் போய் உட்காரும். மேற்கைத் தசை தளர்வது உங்களுக்கே தெரியும்.

சரியாகச் செய்கிறோமா என்று தெரிந்துகொள்ள ஃபோன் கேமரா போதும். உங்களுக்குப் பின்னால், இலக்குக்கு எதிர்த்திசையில், தலை உயரத்தில் வைத்துப் படம் எடுங்கள். இடது உள்ளங்கை, அம்பின் வால், வலது முழங்கை மூன்றும் ஒரே கோட்டில் இருக்கிறதா? முழங்கை அந்தக் கோட்டுக்கு வெளியே தள்ளி நின்றால், இழுப்பு முழுமையாகவில்லை, கைதான் சுமக்கிறது. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் முழங்கை அம்பின் மட்டத்துக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். மட்டத்துக்குக் கீழே தொங்கினால் முதுகு வேலைக்கு வரவே இல்லை என்று அர்த்தம். அதையும் சரிபார்க்காமல் டம்பெல் தூக்கப் போகாதீர்கள், நான் போனதுபோல.

தாடையில் நாண் நிற்கும் இடத்தை எல்லோரும் ஆங்கர் என்கிறார்கள். கை தாடை எலும்புக்குக் கீழே ஒட்டியிருக்க, நாண் மோவாயையும் மூக்கின் நுனியையும் தொடும். ரீகர்வில் பரவலாக உள்ள முறை இது. ஒரு விஷயம்: தலை நாணை நோக்கிப் போகக் கூடாது. நாண்தான் முகத்துக்கு வர வேண்டும். தலையை நீட்டி நாணைத் தொடுகிறவர்களின் ஆங்கர் தினம் ஓரிடத்தில் இருக்கும்.

பிடித்து நிற்பது என்ற சொல்லே கொஞ்சம் ஏமாற்றுகிறது. உண்மையில் நிற்பது என்று ஒன்று இல்லை. இழுப்பதை நிறுத்திய நொடியே நாண் கண்ணுக்குத் தெரியாமல் முன்னால் ஊரத் தொடங்கும். ஆகவே வெளியே அசையாமல் தெரிந்தாலும், உள்ளே முதுகு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விரிந்துகொண்டே இருக்க வேண்டும். கிளிக்கர் என்ற சின்ன உலோகப் பட்டையை வில்லில் மாட்டுவது இதற்காகவே. அம்பின் முனை அதைத் தாண்டியதும் "டிக்" என்று அடிக்கும், அப்போது விட வேண்டும். புதியவர்கள் முதல் சில மாதம் கிளிக்கர் இல்லாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. முதுகு பழகும் முன்பே சத்தம் வந்துவிட்டால், அந்தச் சத்தத்துக்காக மணிக்கட்டை வெட்டி இழுக்கும் பழக்கம்தான் ஒட்டிக்கொள்ளும்.

மூச்சும் நேரமும்

வில்லைத் தூக்கும்போது இயல்பாக மூச்சை இழுங்கள். ஆங்கருக்கு வரும்போது பாதியை வெளியே விட்டு, அங்கேயே நிறுத்துங்கள். நெஞ்சு நிறையக் காற்றை அடைத்துக்கொண்டு நின்றால் தோள் ஏறும், இதயத் துடிப்புகூட சைட்டில் தெரியும்.

ஆங்கருக்கு வந்த பிறகு 2 முதல் 4 விநாடி. அவ்வளவுதான். அந்த நேரத்துக்குள் வில் ஒரு நிதானத்துக்கு வரும், பிறகு நிதானம் கரையத் தொடங்கும். 6 விநாடி தாண்டிவிட்டால் விடாதீர்கள், திரும்பக் கொண்டுபோங்கள். போட்டிகளில் இரண்டு பேர் மாறி மாறி எய்யும் சுற்றில் ஓர் அம்புக்கு 20 விநாடி தருகிறார்கள். அம்பைப் பூட்டி, தூக்கி, இழுத்து, ஒருமுறை திரும்பக் கொண்டுபோய் மறுபடி தொடங்க, அவசரப்படாதவருக்கு அந்த நேரம் ஏறத்தாழ போதும்.

சைட் மிதக்கட்டும்

ஒரு கணக்குப் போடுவோம். கண்ணிலிருந்து சைட் ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. சைட் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால், 18 மீட்டரில் அது 2 சென்டிமீட்டர். உள்ளரங்கின் 40 சென்டிமீட்டர் தாளில் ஒரு வளையத்தின் அகலம் சரியாக 2 சென்டிமீட்டர்தான். ஒலிம்பிக்கின் 70 மீட்டரில் அதே ஒரு மில்லிமீட்டர் ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் ஆகிவிடுகிறது. அங்கே 122 சென்டிமீட்டர் தாளின் வளைய அகலம் 6.1 சென்டிமீட்டர். இதைப் படித்துப் பயந்துவிடாதீர்கள். உயிருள்ள எந்தக் கையும் ஒரு மில்லிமீட்டர்கூட அசையாமல் நிற்காது. ஆரோக்கியமான எல்லோருக்கும் விநாடிக்கு 8 முதல் 12 முறை என்ற அளவில் ஓர் இயற்கை நடுக்கம் உண்டு. தசை களைத்தால் அது பெரிதாகும். பெரிய வீரர்களின் சைட்டும் மிதக்கிறது. அவர்கள் அதைத் துரத்துவதில்லை.

துரத்தினால் என்ன ஆகிறது? சைட் வலப்பக்கம் போகிறது, நீங்கள் இடப்பக்கம் தள்ளுகிறீர்கள். உங்கள் கை அசைவதற்குள் சைட் தானாகத் திரும்பத் தொடங்கியிருக்கும். இப்போது இரண்டும் சேர்ந்து இடப்பக்கம் தாண்டிவிடும். திருத்தமே ஆட்டமாகிவிடுகிறது. துரத்தாமல் மஞ்சளைப் பார்த்துக்கொண்டு முதுகை மட்டும் கவனித்தால், சைட் மஞ்சளைச் சுற்றி ஒரு சின்ன வட்டத்தில் உலாவும். அந்த உலாவலின் நடுவில்தான் அம்புகள் அதிகம் போய் விழும்.

நம்பாதவர்களுக்குத் தென்கொரியாவின் இம் டோங்-ஹியூன் கதை. பார்வைக் குறைபாடு உள்ளவர். 70 மீட்டர் தொலைவில் தாளின் வண்ணங்கள் அவருக்கு ஒன்றோடு ஒன்று கலங்கியே தெரியும். 2012 லண்டன் ஒலிம்பிக்கின் தரவரிசைச் சுற்றில் 72 அம்புகளுக்கு 720-க்கு 699 புள்ளிகள் எடுத்து உலக சாதனை செய்தார். சைட்டை மஞ்சளின் நடுப்புள்ளியில் ஆணி அடித்தாற்போல நிறுத்துவதுதான் குறி என்றால், இப்படி ஒரு எண் வந்திருக்கவே முடியாது.

நடுக்கம் என்ன சொல்கிறது

கொஞ்ச நாள் கவனித்தால் நடுக்கத்தின் வகையை வைத்தே காரணத்தை ஊகிக்கலாம். இழுத்த முதல் நொடியிலிருந்தே பொடிப்பொடியாக வேகமாக நடுங்கினால், வில் கனம் அல்லது உடும்புப் பிடி. முதல் மூன்று விநாடி நன்றாக இருந்து பிறகு பெரிதானால், தாக்குப்பிடிக்கும் திறன் போதவில்லை அல்லது நீங்கள் அளவுக்கு மீறிப் பிடிக்கிறீர்கள். மெதுவாகப் பக்கவாட்டில் ஊசலாடினால் காலையும் இடுப்பையும் பாருங்கள்; காற்றையும்தான், வெளியே நின்றால். மேலும் கீழும் ஏறி இறங்கினால் இடது தோளோ மூச்சோ.

இன்னொரு வகை இருக்கிறது. சைட் நன்றாகவே நிற்கிறது, மஞ்சளுக்குள் வந்த நொடி உடம்பு துள்ளி, விரல் தானாக விட்டுவிடுகிறது. அல்லது சைட் மஞ்சளுக்குக் கீழேயே உறைந்துபோய் உள்ளே நுழைய மறுக்கிறது. இது தசைப் பிரச்சினை இல்லை, டார்கெட் பேனிக் என்பார்கள். இதற்கு எந்த உடற்பயிற்சியும் உதவாது. தாளைக் கழற்றிவிட்டு அடுத்த பகுதியின் முதல் பயிற்சிக்குப் போங்கள், சில வாரம் அங்கேயே இருங்கள்.

பழகும் முறை

வெற்றுப் பலகை. இலக்குத் தாள் எதுவும் மாட்டாத பலகைக்கு முன் 3 அல்லது 4 மீட்டரில் நின்று எய்யுங்கள். பலகை பெரியதாக, மார்பு உயரத்தில், பின்னால் பாதுகாப்பான சுவரோடு இருக்கட்டும். கண்ணைத் திறந்துகொண்டே இழுங்கள். அம்பு பலகைக்கு நேராக இருப்பதை உறுதி செய்த பிறகு மூடிக்கொள்ளுங்கள். கண் மூடியதும் உடம்பு பேசத் தொடங்கும்: எந்தத் தோள் ஏறியது, எந்த விரல் இறுகியது, எல்லாம் தெரியும். ஒவ்வொரு அம்புக்கும் ஒரே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். முதல் ஆறு அம்பு பிடி, அடுத்த ஆறு தோள், அடுத்த ஆறு முழங்கை. சலிப்பாகத்தான் இருக்கும். இந்தக் கட்டுரையில் உள்ள எல்லாவற்றிலும் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய நேரம் என்றால், இதைச் செய்யுங்கள்.

பிடித்து நிற்பது. அம்பு பூட்டி, பலகைக்கு முன் நின்று, முழுதாக இழுத்து, சுமையை முதுகுக்கு மாற்றி, 10 விநாடி. திரும்பக் கொண்டுபோய், பிடித்த நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஓய்வு. ஐந்து முறை. ஒவ்வொரு வாரமும் ஒன்றிரண்டு விநாடி கூட்டி, 30 விநாடிவரை போகலாம். வாரத்தில் மூன்று நாள் போதும், அதுவும் எய்து முடித்த பிறகு. முன்னாலேயே செய்தால் அன்றைய அம்புகள் எல்லாம் களைத்த உடம்பில் போகும். விநாடியைவிட முக்கியம், நிலை குலைந்ததும் நிறுத்துவது. தோள் ஏறிய பிறகு எண்ணும் ஒவ்வொரு விநாடியும் தோளை ஏற்றுவதற்கான பயிற்சிதான்.

வீட்டில் இழுபட்டை. உடற்பயிற்சிக்கு விற்கும் ரப்பர் பட்டையை வளையமாகக் கட்டி, வில் போலவே இழுங்கள். அம்பும் இல்லை, ஆபத்தும் இல்லை. கண்ணாடி முன் நின்றால் தோள் ஏறுவது உடனே தெரிந்துவிடும். நாள்தோறும் பத்து நிமிஷம். இரண்டு பக்கமும் இழுங்கள். ஒரே பக்கம் இழுத்துக்கொண்டிருப்பவர்களுக்கு நாளடைவில் முதுகு கோணலாக வலிக்கும்.

உடம்புக்கு: பிளாங்க் (முன்கையும் கால்விரலும் ஊன்றி உடலை நேராகப் பிடிப்பது), பட்டையை மார்பு உயரத்தில் இரு கையாலும் அகல விரிப்பது, குப்புறப் படுத்துக் கைகளை ஒய் எழுத்துபோல நீட்டித் தரையிலிருந்து தூக்குவது. ஒற்றைக் காலில் கண் மூடி நிற்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். பைசெப்ஸ் பற்றிக் கேட்பீர்கள். அதற்கு இங்கே வேலை இல்லை. தோள் மூட்டின் உள்ளே குத்துவது போல வலித்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். தசை எரிவது வேறு, மூட்டு குத்துவது வேறு.

ஸ்டெபிலைசர் கம்பி வாங்கலாமா என்று உடனே கேட்பவர்கள் உண்டு. அது உதவும். கம்பியின் நுனியில் உள்ள எடை, வில் சட்டென்று திரும்புவதைத் தடுக்கிறது. எடை வில்லிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு மந்தமாக வில் அசையும். ஆனால் அந்த எடையையும் உங்கள் இடது தோள்தான் தூக்க வேண்டும். தோள் இறங்கி நிற்கப் பழகாதவர் நீளமான கம்பி மாட்டினால், பத்தாவது அம்பில் வில் கீழே தொங்க ஆரம்பிக்கும். முதலில் ஒரே ஒரு முன்கம்பி, நுனியில் குறைந்த எடை. பக்கக் கம்பிகள் பிறகு.

எப்போது பவுண்டு கூட்டுவது

அறுபது அம்பு எய்தபின் கடைசி ஆறு அம்பும் முதல் ஆறு அம்பு போலவே தோள் இறங்கி, 4 விநாடிக்குள் போனால், நீங்கள் தயார். இரண்டு வாரம் தொடர்ந்து அப்படி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நல்ல நாளை நம்பிவிட வேண்டாம். கூட்டும்போது 2 பவுண்டுக்கு மேல் போகாதீர்கள். ரைசரில் (வில்லின் நடுப்பகுதி) லிம்பை இறுக்கும் போல்ட்டைத் திருப்பியே பல வில்களில் இவ்வளவு கூட்டிவிடலாம், புது லிம்ப் வாங்கத் தேவையில்லை. எத்தனை சுற்றுவரை திருப்பலாம் என்பது வில்லோடு வந்த தாளில் இருக்கும், அதற்கு மேல் போகக் கூடாது. கூட்டியதும் சைட் உயரம் மாறும், அம்பு முன்பைவிட மேலே போகும். அதைச் சரிசெய்ய அன்றே அவசரப்பட வேண்டாம். முதல் இரண்டு நாள் தாளை மாட்டாமல், மறுபடியும் அந்த 4 மீட்டர் வெற்றுப் பலகை முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள். இடது தோள் எங்கே இருக்கிறது?